நர்சிங் மாணவர்கள் தம் தொழிலை எப்படிப் பார்க்கிறார்கள்? அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

‘நர்சிங் உன்னதமான பணி’ என்று ஒரு கூற்றைக் கொடுத்து, பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்லுங்கள். வகுப்பு முழுக்க ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்தில்தான் விழும். அடுத்த வரியில் ‘என் தங்கை கேட்டால் நர்சிங் சேரச் சொல்வேன்’ என்று கொடுத்தால் பேனா கொஞ்ச நேரம் நிற்கும். இந்த இரண்டு பதில்களையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கி, ‘மாணவர்களின் மனப்பாங்கு மிதமாகச் சாதகம்’ என்று எழுதி முடிக்கும் ப்ராஜெக்ட்கள் ஏராளம். அந்தக் கூட்டல்தான் தப்பு. பி.எஸ்சி. இறுதியாண்டு குழு ப்ராஜெக்ட்டுக்கோ எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கோ இந்தத் தலைப்பை எடுத்தவர்கள் தொடக்கம் முதல் என்னென்ன செய்ய வேண்டும், எங்கெங்கே சறுக்கும் என்பது கீழே.

எதை அளக்கப் போகிறீர்கள்

தலைப்பை எழுதும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தொழிலைப் பற்றி மாணவருக்கு என்ன தெரியும் என்பது அறிவு. கல்லூரியும் ஹாஸ்டலும் பிடித்திருக்கிறதா என்பது திருப்தி. தொழிலைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது மனப்பாங்கு. மூன்றையும் ஒரே வினாப்பட்டியலில் கலந்தால், மெஸ் சாப்பாட்டின் கோபம் தொழிலின் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

மனப்பாங்கும் ஒரே உருண்டை அல்ல. நடைமுறைக்கு ஐந்து பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது: சமூகத்தில் உள்ள மதிப்பு, வேலையின் தன்மை (அறிவு தேவைப்படுகிற வேலையா, நர்ஸ் தானே முடிவெடுக்க இடம் இருக்கிறதா), வருமானமும் வேலை நிரந்தரமும், சுமையும் பாதுகாப்பும், கடைசியாக, ‘எனக்கு இது வேண்டுமா’ என்கிற தன் எண்ணம். பகுதிக்கு 5 கூற்று என்றால் 25 கூற்று. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும். 40 கூற்றுக்கு மேல் போனால் கடைசிப் பக்கத்தை யாரும் படித்து டிக் அடிப்பதில்லை.

கூற்றுகளை நூலகத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பிக்காதீர்கள். வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த ஆறேழு மாணவர்களை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசவிட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தொகுப்பூதியம், நைட் டூட்டி முடிந்து தனியாக பஸ் ஏறுவது, வரன் பார்க்கும்போது வரும் கேள்விகள், ‘பையன் எதுக்கு நர்சிங்’ என்கிற பேச்சு, பயிற்சி டாக்டர் முன்னால் வார்டில் திட்டு வாங்குவது என்று அங்கே வருபவை எந்த வெளிநாட்டு அளவுகோலிலும் இருக்காது.

ஏற்கெனவே உள்ள ஆங்கில அளவுகோல் ஒன்றை எடுத்தாள்வதானால், உருவாக்கியவரிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தைப் பின்னிணைப்பில் வைக்க வேண்டும். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் வாரமே எழுதிவிடுங்கள்.

கூற்றை எழுதுவது

ரென்சிஸ் லைகர்ட் 1932-இல் முன்வைத்த முறையைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறோம்: ஒரு கூற்று, அதற்கு ஒப்புதல் முதல் மறுப்பு வரை ஐந்து படி. பார்க்க எளிது. ஆனால் ஆய்வில் பாதிக்குமேல் கெடுவது இந்த இடத்தில்தான்.

ஒரு கூற்றை எடுத்துப் பார்ப்போம்: ‘நர்சிங் என்பது சமூகத்தில் மதிப்பும் நல்ல வருமானமும் தரும் சேவை.’ இதில் மூன்று கோளாறு இருக்கிறது. மதிப்பு உண்டு, வருமானம் இல்லை என்று நினைப்பவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? இரண்டு விஷயத்தை ஒரே கூற்றில் கேட்டிருக்கிறோம். அடுத்தது, ‘சேவை’ என்ற சொல். அதை மறுத்து டிக் அடிக்கத் தமிழ் மனம் கூசும். அந்தச் சொல் இருந்தாலே மதிப்பெண் ஏறும். ‘தொழில்’, ‘பணி’, ‘வேலை’, ‘சேவை’ நான்கும் நான்கு எடை. ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் முழுக்க அதையே வையுங்கள். ‘வேலை’ என்பதற்கு ஒப்பனை குறைவு. மூன்றாவது, ‘சமூகத்தில்’ என்பது யாருடைய வாயிலும் வராத சொல். திருத்தினால் இரண்டு கூற்றாகும்: ‘நர்சிங் படிக்கிறேன் என்று சொந்தக்காரர்களிடம் தயங்காமல் சொல்வேன்.’ ‘நர்ஸ் சம்பளத்தில் ஒரு குடும்பத்தை நடத்த முடியும்.’ இரண்டுக்கும் ஆம், இல்லை என்று உடனே மனதில் தோன்றும். கூற்று அப்படி இருக்க வேண்டும்.

எதிர்மறைக் கூற்றுகள் தேவை. இல்லாவிட்டால் ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டே போவார்கள். 25-இல் எட்டோ பத்தோ எதிர்த்திசையில் இருக்கட்டும். ஆனால் ‘அல்ல’, ‘இல்லை’ சேர்த்து எதிர்மறை ஆக்காதீர்கள். ‘நர்ஸ் டாக்டர் சொல்வதை மட்டும் செய்பவர் அல்ல’ என்பதற்கு ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று டிக் அடிக்க மாணவர் மனதுக்குள் இரண்டு முறை திரும்ப வேண்டும். ‘டாக்டர் சொல்வதைச் செய்வதுதான் நர்ஸின் வேலை’ என்று நேராகவே எழுதுங்கள்; மதிப்பெண்ணை நாம் திருப்பிக்கொள்ளலாம்.

திசை தெரியாத கூற்று இன்னொரு பொறி. ‘நர்சிங் படித்தால் வெளிநாடு போகலாம்’ என்பதை ஒப்புக்கொள்பவர் தொழிலைச் சாதகமாகப் பார்க்கிறாரா, இங்கே வேலை பார்க்கப் பிடிக்கவில்லை என்கிறாரா? இரண்டாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டதை மதிப்பெண்ணில் சேர்க்காமல் தனிக் கேள்வியாக வையுங்கள்: படிப்பு முடிந்ததும் எங்கே வேலை பார்க்க விருப்பம்—அரசு மருத்துவமனை, தனியார், வளைகுடா, பிரிட்டன் போன்ற பிற நாடுகள், நர்சிங் அல்லாத வேறு வேலை.

ஆளைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். வார்டில் எல்லாரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறோம்; கூற்றில் அதை வைத்தால் வகுப்பில் உள்ள ஆண் மாணவர் தன்னை வெளியே நிறுத்திவிட்டதாக உணர்வார். ‘செவிலியர்’ அரசு ஆணையில் வரும் சொல். ‘நர்ஸ்’ போதும்.

ஐந்து படிகளின் நடுவே ‘நடுநிலை’ வைக்கிறோம். முதலாண்டு மாணவர் இன்னும் வார்டில் அதிகம் வேலை பார்த்திருக்கமாட்டார். நைட் டூட்டி பற்றிக் கேட்டால் அவருக்குத் தெரியாது, வேறு வழியின்றி நடுநிலையில் டிக் அடிப்பார். அது நடுநிலை அல்ல. ‘எனக்கு இன்னும் தெரியாது’ என்று ஆறாவது கட்டம் ஒன்றைத் தள்ளி வையுங்கள். அதற்கு நடுநிலைக்குரிய 3 கொடுக்கக் கூடாது. விடுபட்ட பதிலாகவே கொள்ள வேண்டும்.

தமிழா, ஆங்கிலமா

பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் வினாப்பட்டியலும் ஆங்கிலத்தில் போதும் என்று கைடு சொல்லலாம். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த முதலாண்டு மாணவருக்குப் போதாது. இரண்டு மொழியும் அடுத்தடுத்து இருப்பது பாதுகாப்பு. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தால், ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ‘ஆட்டோனமி’ என்பதை ‘சுயாட்சி’ என்று போட்டால் அரசியல் கூட்டத் தீர்மானம் மாதிரி ஆகிவிடும். ‘சில விஷயங்களில் நர்ஸ் தானே முடிவெடுக்கலாம்’ என்பது நீளமாக இருந்தாலும் சரி.

நிபுணர்களும் பைலட்டும்

வரைவை ஆறு பேரிடம் கொடுங்கள். நர்சிங் ஆசிரியர்கள் நான்கு பேர் இருந்தால், ஒரு உளவியலாளரும் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவரும் இருப்பது அழகு. ஒவ்வொரு கூற்றும் தலைப்புக்கு எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை போடச் சொல்லுங்கள். 3 அல்லது 4 போட்டவர்களின் பங்குதான் அந்தக் கூற்றின் உள்ளடக்கச் செல்லுபடிக் குறியீடு. ஆறில் ஐந்து பேர் என்றால் 0.83, வைத்துக்கொள்ளலாம். ஆறில் நால்வர் என்றால் 0.67, திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். ஆறு பேரோ அதற்கு மேலோ உள்ள குழுவில் 0.78 என்பதே வழக்கமான எல்லை. ஐந்து பேரோ அதற்குக் குறைவோ என்றால் எல்லாரும் ஒத்துப்போக வேண்டும். ‘நிபுணர்கள் சரிபார்த்தனர்’ என்ற ஒற்றை வரி போதாது, எண்ணைக் கொடுங்கள்.

பைலட்டுக்கு, அதாவது முன்னோட்டச் சோதனைக்கு, 30 மாணவர்கள் இருக்கட்டும், முடிந்தால் வேறு கல்லூரியிலிருந்து. பைலட்டில் இருந்தவரை முதன்மை ஆய்வில் மறுபடி சேர்க்கக் கூடாது. எவ்வளவு நேரம் எடுத்தது, எந்தக் கூற்றில் ‘இதுக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டார்கள் என்பதைக் குறியுங்கள். எல்லாருமே ஒரே கட்டத்தில் விழுந்த கூற்றைத் தூக்கிவிடுங்கள். அது யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. ‘உன்னதமான பணி’ இங்கேயே விடைபெறும்.

எத்திக்ஸ் கமிட்டியும் ஒப்புதலும்

வெறும் வினாப்பட்டியல்தானே என்று நிறுவன எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்ட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், மாணவர்களைப் போல ஒருவருக்குக் கீழ் இருப்பவர்களைத் தனிக் கவனத்துக்குரியவர்களாகப் பார்க்கின்றன. காரணம் எளிது: கேட்பவர் கையில் இன்டர்னல் மார்க் இருக்கிறது.

பலரும் தவறவிடுவது வயது. பி.எஸ்சி. நர்சிங்கில் 17 வயதில் சேரலாம். ஆகவே முதலாண்டில் சிலர் இன்னும் 18 ஆகாதவர்கள். அவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலும் மாணவரின் எழுத்துபூர்வச் சம்மதமும் சேர்ந்து வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்தைப் பெற இரண்டு வாரமாவது கணக்கில் வையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் 18 நிறைந்தவர்கள் மட்டும் என்று தகுதி விதியிலேயே எழுதிவிடுங்கள்.

எத்தனை பேர், எப்போது

ஆண்டுக்கு 60 பேர், நான்கு ஆண்டுக்கு 240. வழக்கமான சூத்திரப்படி (95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை) பெரிய மக்கள்தொகைக்கு 384 பேர். 240 பேருக்குத் திருத்தினால் 148. இந்தக் கணக்கைப் போட்டு மாதிரி எடுத்துக் கஷ்டப்படுவதைவிட 240 பேரையும் கேட்டுவிடுவதே சுலபம். முதலாண்டையும் நான்காமாண்டையும் ஒப்பிடுவது நோக்கமானால் வேறு எண் முக்கியம்: நடுத்தர அளவு வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்புடன் கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமும் 64 பேர் வேண்டும். 60 பேர் வகுப்பில் லீவு போட்டவர்கள் போக 55 வருவார்கள். கொஞ்சம் குறைவுதான், இரண்டு கல்லூரி சேர்ந்தால் நல்லது.

நாள் தேர்வு முடிவையே மாற்றும். மே 12 செவிலியர் தினத்தை ஒட்டியோ, கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுத்த வாரத்திலோ கேட்டால் மதிப்பெண் வானத்தில் நிற்கும். நைட் போஸ்டிங் முடித்து வந்த காலையில் கேட்டால் தரையில் கிடக்கும். இரண்டும் இல்லாத சாதாரண வாரத்தில், எல்லா ஆண்டுக்கும் ஒரே வாரத்துக்குள் முடியுங்கள்.

ஹாலில்

வகுப்பு ஆசிரியர் வெளியே இருக்கட்டும். அந்த வகுப்புக்கு மார்க் போடாத ஒருவர் தாளைக் கொடுத்து, விருப்பமில்லாதவர் வெற்றுத் தாளையே மடித்துப் பெட்டியில் போடலாம் என்று சொல்ல வேண்டும். யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பது வெளியே தெரியாது. தாளில் பெயர், பதிவெண் கூடாது. இதெல்லாம் செய்துவிட்டு, பாலினம், வயது, மதம், சாதி, சொந்த மாவட்டம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் என்ன பயன்? 60 பேரில் இரண்டே ஆண்கள் இருக்கும் வகுப்பில் ‘ஆண்’ என்று டிக் அடித்தவர் தன் பெயரை எழுதியதற்குச் சமம். பகுப்பாய்வில் உண்மையாகவே பயன்படும் நான்கைந்து விவரங்கள் போதும்: ஆண்டு, படிப்பைத் தேர்ந்தது யார் முடிவு, வீட்டில் நர்ஸ் உண்டா, பள்ளிப் பயிற்றுமொழி. ‘படிப்பைத் தேர்ந்தது யார்’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மருத்துவ சீட் கிடைக்காமல் வந்தவரும் முதல் விருப்பமாக வந்தவரும் ஒரே வகுப்பில் இருந்தாலும் ஒரே தொடக்கப்புள்ளியில் இல்லை.

கூகுள் ஃபார்ம் என்றால் மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை அணைத்துவிடுங்கள். எல்லாக் கேள்விக்கும் ‘கட்டாயம்’ போடாதீர்கள். தவிர்க்க நினைப்பவர் எதையாவது தட்டிவிட்டுப் போவார். வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஆர்வமுள்ளவர் மட்டும் பதில் சொல்வார். தாளும் பேனாவும் இன்னும் மேல்.

மதிப்பெண் போடுவது

தாள் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எக்செல்லில் ஏற்றுங்கள். ஒருவர் தாளைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் தட்ட, பத்தில் ஒரு தாளை மூன்றாமவர் சரிபார்க்க வேண்டும். எதிர்த்திசைக் கூற்றுகளை 6-இலிருந்து கழித்துத் திருப்புங்கள்: 5 என்பது 1, 4 என்பது 2. மூலத்தை அழிக்காமல் பக்கத்துப் பத்தியில் செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேர் இரண்டு முறை திருப்பி, பழைய நிலைக்கே வந்துவிடும்.

நம்பகத்தன்மைக்கு லீ கிரான்பாக் 1951-இல் தந்த ஆல்ஃபா: கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண். அதை ஐந்து பகுதிக்கும் தனித்தனியே பாருங்கள். ஒரு பகுதியில் 5 கூற்று, கூற்றுகளின் மாறுபாடுகளை (variance) கூட்டினால் 5.0, பகுதி மொத்தத்தின் மாறுபாடு 12.5 என்று வைத்துக்கொள்வோம். 5.0-ஐ 12.5-ஆல் வகுத்தால் 0.4; ஒன்றிலிருந்து கழித்தால் 0.6, அதை 5/4-ஆல் பெருக்கினால் 0.75. எல்லை 0.70, ஆகவே தேறிவிட்டது. இதே தரவில் ஒரே ஒரு கூற்றைத் திருப்ப மறந்தால், கூற்றுகள் ஒன்றோடொன்று சம அளவில் ஒத்துப்போவதாகக் கொண்டால், மொத்த மாறுபாடு 6.5 ஆகச் சுருங்கி ஆல்ஃபா 0.29-க்கு விழும். ஆல்ஃபா மோசமாக வந்ததும் கூற்றுகளை நீக்கத் தொடங்காதீர்கள். முதலில் திருப்பியதைச் சரிபாருங்கள். 0.95-க்கு மேல் போனாலும் மகிழ வேண்டாம், ஒரே கூற்றை ஐந்து விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்து சதவீதம். 25 கூற்றுக்கு 125 மார்க் என்று 125-ஆல் வகுத்துவிடுவது பரவலான பழக்கம். ஆனால் கீழ் எல்லை பூஜ்யம் அல்ல, 25. எல்லாவற்றுக்கும் நடுநிலை என்றவருக்கு 75 மதிப்பெண். 125-ஆல் வகுத்தால் 60 சதவீதம், உடனே அவர் ‘மிதமான சாதகம்’ பட்டியலில் ஏறிவிடுவார். எதையும் சாதகமாகச் சொல்லவே இல்லை அவர். சரியான வழி: மதிப்பெண்ணிலிருந்து 25-ஐக் கழித்து, 100-ஆல் வகுத்துச் சதவீதமாக்குவது. அப்போது நடுநிலை 50-இல் நிற்கும்.

இப்போது இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் எல்லாக் கட்டத்திலும் 3 போட்டு 75 வாங்கியிருக்கிறார். இன்னொருவர் சமூக மதிப்பில் 23, வேலையின் தன்மையில் 19, வருமானத்தில் 11, சுமையிலும் பாதுகாப்பிலும் 12, தன் எண்ணத்தில் 10. கூட்டினால் அவருக்கும் 75. பகுதிவாரியாகச் சதவீதமாக்கினால் 90, 70, 30, 35, 25. முதலாமவருக்குச் சொல்ல எதுவும் இல்லை அல்லது படிக்காமலே டிக் அடித்திருக்கிறார். இரண்டாமவர் தொழிலை மதிக்கிறார். ஆனால் அதில் நிற்கப் போவதில்லை. மொத்த மதிப்பெண்ணுக்கு இருவரும் ஒருவரே. ஆய்வேட்டின் முதல் அட்டவணையே பகுதிவாரியாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்ட தாள்களை என்ன செய்வது என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதிவையுங்கள். எதிர்த்திசைக் கூற்றுகள் இருப்பதால், 25 இடத்திலும் 5 போட்டவர் படிக்கவில்லை என்பது தெளிவு, நீக்கலாம். 25 இடத்திலும் 3 என்பது சந்தேகம் மட்டுமே. ஒரு பகுதியில் ஒரு பதில் விடுபட்டால் மற்ற நான்கின் சராசரியை நிரப்பலாம். இரண்டோ அதற்கு மேலோ என்றால் அந்தப் பகுதிக்கு அவரை விட்டுவிடுங்கள்.

ஒப்பிடுவது, எழுதுவது

ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவச மென்பொருள்கள். குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையும் அனோவாவும் நிமிடத்தில் வரும். பத்து விவரங்களை எடுத்துக் கை-வர்க்க (chi-square) சோதனையில் ஒவ்வொன்றாகப் போட்டு ‘தொடர்பு உண்டா’ என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. 0.05 எல்லையில் பத்துச் சோதனை செய்தால், உண்மையில் ஒரு தொடர்பும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று ‘உண்டு’ என்று வர 40 சதவீத வாய்ப்பு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கம் விவாதம் எழுத வேண்டாம். எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் குறைந்த கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்தச் சோதனையே பொருந்தாது. ஃபிஷர் முறைக்குப் போங்கள். இரண்டு மூன்று ஒப்பீட்டை முன்கூட்டியே முடிவுசெய்து, பி மதிப்போடு (உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வர உள்ள வாய்ப்பு) வேறுபாட்டின் அளவையும் கொடுங்கள்.

நான்காமாண்டின் சராசரி முதலாண்டைவிடக் குறைவாக வந்தால் ‘படிக்கப் படிக்க மனப்பாங்கு குறைகிறது’ என்று எழுதத் தோன்றும். ஒரே நாளில் எடுத்த தரவு அதைச் சொல்லாது. அவர்கள் வேறு ஆட்கள், வேறு பேட்ச், நடுவே படிப்பை விட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. மாற்றத்தை அளக்க விரும்பினால் அதே மாணவரை மறுபடி கேட்க வேண்டும். பெயரின்றி இணைக்க, மாணவரே உருவாக்கும் குறியீடு போதும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயரின் கடைசி எழுத்து. செல்போன் எண்ணைச் சேர்க்காதீர்கள், அடுத்த வருடத்துக்குள் மாறியிருக்கும்.

வினாப்பட்டியலின் கடைசியில் இரண்டு வரி இடம் விட்டு, ‘ஊரில் ஒரு பிளஸ் டூ மாணவி நர்சிங் சேரலாமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். அந்தப் பதில்களை இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, பிறகு ஒப்பிட வேண்டும். வருமானப் பகுதியின் 30 சதவீதம் எதனால் என்பது பெரும்பாலும் அந்த இரண்டு வரியில்தான் கிடைக்கும். மேற்கோளாக எடுத்துப் போடும்போது ஆஸ்பத்திரிப் பெயர், வார்டு, ஊர் வந்தால் நீக்குங்கள். கல்லூரி நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுக்கும்போது ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் குழுவையும் தனி வரியாகக் காட்டாமல் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடுங்கள். தாள்கள் கைடின் அலமாரியில் பூட்டி இருக்கட்டும். வகுப்பு ஆசிரியர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.